பாட்டி மாத்திரை விழுங்கினால் பேத்தியைத் தூக்கலாமா? கதிரியக்க அயோடின் பற்றி ஒரு பதில்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். அம்மாவுக்கு 54 வயது. கிரேவ்ஸ் நோய், அதாவது தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையை இரண்டு வருடம் சாப்பிட்டு நிறுத்தினார். நாலே மாதத்தில் படபடப்பும் கைநடுக்கமும் திரும்பிவிட்டன. இப்போது டாக்டர் ரேடியோ அயோடின், அதாவது கதிரியக்க அயோடின், 10 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) எழுதியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் உங்கள் சித்தி, "அது கேன்சர்காரங்களுக்குக் குடுக்கறதாச்சே, அணு உலையில செய்யறதாச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. "இது பாதுகாப்பானதா?" என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். முழுக்கப் படித்தால் கேட்பது மூன்று. அம்மாவுக்குப் புற்றுநோய் இருப்பதை நம்மிடம் மறைக்கிறார்களா? விழுங்குகிற கதிரியக்கம் கழுத்தோடு நிற்கும் என்பதற்கு என்ன உறுதி? நீங்கள் வேலைக்குப் போய்விட்டால் மூன்று வயது மகள் பாட்டி மடியில்தான் தூங்குவாள், அதற்கு என்ன வழி?

நான் இருபது வருடத்துக்கு மேல் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவன். உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை. ஆகவே கீழே இருப்பது அந்த மருந்தைப் பற்றியது; அம்மாவுக்கு அதுதான் சரி என்ற தீர்ப்பு அல்ல.

முதல் கேள்விக்கு வரலாறே பதில் சொல்லிவிடும். 1936 நவம்பரில் பாஸ்டனில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில், எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் தலைவர் கார்ல் காம்ப்டன் ஒரு மதிய உரை நிகழ்த்தினார். இயற்பியல் மருத்துவத்துக்கு என்ன செய்யலாம் என்பது பேச்சு. கூட்டத்தில் சால் ஹெர்ட்ஸ் என்ற முப்பத்தோரு வயது டாக்டர் உட்கார்ந்திருந்தார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் தைராய்டு பிரிவுக்குப் பொறுப்பாளர். அயோடினைத் தைராய்டு உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவருக்கு அன்றாடம் பழகிய சங்கதி. அவர் எழுந்து கேட்டது ஒரே கேள்வி: அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா? காம்ப்டனுக்கு அந்த இடத்தில் பதில் தெரியவில்லை. அடுத்த மாதம் கடிதம் எழுதினார், முடியும் என்று. அதற்கு இரண்டு வருடம் முன்பே ரோமில் ஃபெர்மி நியூட்ரானை அடித்து அதைச் செய்திருந்தார். ஹெர்ட்ஸும் ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து 48 முயல்களில் சோதித்தார்கள். அவர்கள் கையில் இருந்தது அயோடின்-128. அதன் அரை ஆயுள் 25 நிமிடம். அதாவது ஊசி போட்டு, எடுத்து, அளந்து முடிப்பதற்குள் பாதி காணாமல் போயிருக்கும். அதை வைத்துக்கொண்டே, தைராய்டு மற்ற உறுப்புகளைக் காட்டிலும் பல மடங்கு அயோடினை இழுக்கிறது என்று காட்டிவிட்டார்கள். இன்று நாங்கள் பயன்படுத்தும் அயோடின்-131, அரை ஆயுள் 8 நாள், 1938ல் பெர்க்லியில் லிவிங்குட், சீபோர்க் இருவரும் கண்டுபிடித்தது.

பிறகு 1941 மார்ச் 31. எம்.ஐ.டி.யின் சைக்ளோட்ரானில் (அணுத்துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் இயந்திரம்) தயாரித்த கதிரியக்க அயோடினை முதன்முதலில் சிகிச்சையாகக் குடித்தவர் ஒரு பெண். அவருக்கு இருந்தது புற்றுநோய் அல்ல. உங்கள் அம்மாவுக்கு இருப்பது போன்ற அதிசுரப்புதான். புற்றுநோய்க்கு அது போனது பிற்பாடு, 1940களின் நடுவில், நியூயார்க்கில். ஆக, சித்தி சொன்னதில் பாதி சரி. அணு உலையில் செய்வது உண்மை. மும்பை ட்ராம்பேயில் உள்ள அணு உலையில் டெலூரியம் என்ற தனிமத்தை நியூட்ரான்கள் தாக்கும்படி வைத்து, அதிலிருந்து அயோடின்-131ஐப் பிரித்தெடுக்கிறார்கள். கேன்சருக்கும் கொடுப்பது உண்மை. கேன்சருக்கு மட்டும்தான் என்பது உண்மையல்ல. இந்த அளவைப் பார்த்தும் கொஞ்சம் ஊகிக்கலாம். அதிசுரப்புக்கு வழக்கமாக 10, 15 மில்லிகியூரி அளவில் தருவார்கள். தைராய்டு புற்றுநோயில் அறுவை முடிந்த பிறகு கொடுப்பது 30ல் தொடங்கி 100, 150 வரை போகும். 10 எழுதியிருக்கிற சீட்டில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: "கழுத்தில் கட்டி ஏதாவது இருக்கிறதா, ஊசி வைத்துப் பார்த்தீர்களா?" என்று. அது கேட்க வேண்டிய கேள்விதான், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது கேள்வி, கழுத்துக்கு மட்டும் எப்படிப் போகிறது. மருந்துக்கு வழி தெரியாது. கேப்சூலில் இருக்கும் அயோடின் தைராய்டைத் தேடிப் போவதில்லை. இரத்தத்தோடு உச்சி முதல் பாதம் வரை சுற்றுகிறது. பிடித்து இழுப்பது சுரப்பி. தைராய்டு செல்லின் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. இரத்தத்தில் போகும் அயோடினை, சோடியத்தோடு சேர்த்து, உள்ளே இறைத்துக்கொண்டே இருக்கும். கிணற்றில் போட்ட பம்பு செட் மாதிரி. அப்படி இழுத்த அயோடினை ஹார்மோனாகக் கோத்துச் சேமித்தும் வைக்கும். சாதாரண அயோடினா, கதிரியக்க அயோடினா என்று அதற்குத் தெரியாது, இரண்டுக்கும் வேதியியல் ஒன்றே. கிரேவ்ஸ் நோயில் இந்தப் பம்பு இரவு பகலாக ஓடுகிறது. எவ்வளவு நோயோ அவ்வளவு பசி. நோயே மருந்தை இழுத்துக்கொள்கிறது என்பதால்தான் இது வேலை செய்கிறது.

மற்ற இடத்துக்குப் போகவே போகாதா என்றால், போகும். உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை, பால் கொடுக்கும் தாயின் மார்பு, இங்கெல்லாம் அதே பம்பு இருக்கிறது. தைராய்டு போலச் சேமித்து வைக்கும் ஏற்பாடு அங்கே இல்லாததால் வந்த வேகத்தில் வெளியேறிவிடும். தைராய்டு எடுத்துக்கொள்ளாத மிச்சம் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். கர்ப்பிணிக்கு இது கூடவே கூடாது. சிசுவின் தைராய்டு 10, 12 வாரத்திலேயே அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும். பாலூட்டும் தாய்க்கும் கூடாது. இவை இரண்டும் விவாதத்துக்கு இடமில்லாதவை. அம்மாவின் வயதில் இது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படும்: குழந்தை பெறும் வயதுள்ள பெண்களுக்கு நாங்கள் அன்று காலையில் கர்ப்பப் பரிசோதனை செய்யாமல் மருந்து இருக்கும் ஈயக் குடுவையைத் திறப்பதே இல்லை. பிறகும் ஆறு மாதமாவது கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வோம்.

இழுத்துக்கொண்ட பிறகு என்ன நடக்கிறது? அயோடின்-131 சிதையும்போது இரண்டு வகைக் கதிர் வரும். பீட்டா கதிர் திசுவுக்குள் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் போகும், சராசரியில் அரை மில்லிமீட்டர் கூட இல்லை. ஓர் அரிசி மணியின் தடிமனைத் தாண்டாது. அழிப்பது இதுதான், சுரப்பிக்குள்ளேயே முடிந்துவிடும். இன்னொன்று காமா கதிர். அது உடம்பைத் தாண்டி வெளியே வரும். அதனால்தான் கருவியை வைத்து எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க முடிகிறது, அதனால்தான் பேத்தியைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரே அணு வேவும் பார்க்கிறது, வேலையும் செய்கிறது.

அந்த வேவு பார்க்கும் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அது இல்லை. சிகிச்சைக்கு முன் "அப்டேக்" என்று ஒரு சோதனை செய்வோம். மைக்ரோகியூரி அளவில், சிகிச்சை அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத துளி அயோடினைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த நாள் கழுத்துக்கு நேரே ஒரு குழாய் போன்ற கருவியை வைத்து, வரும் கதிர்களை எண்ணுவோம். பிறகு தொடைக்கு நேரே வைத்து எண்ணுவோம். இரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பதைக் கழிப்பதற்கு. சாதாரணத் தைராய்டு 24 மணி நேரத்தில் கொடுத்ததில் 10 முதல் 30 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். கிரேவ்ஸ் நோயில் 60, 70 என்று பார்ப்பது சகஜம். ஒன்று இரண்டு சதவீதம் என்று வந்தால் கதையே வேறு. சுரப்பி வீங்கிப் புண்ணாகி, சேமித்து வைத்த ஹார்மோன் கசிகிறது என்று அர்த்தம். இரத்தப் பரிசோதனையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். இரண்டாவது வகை பெரும்பாலும் தானே அடங்கும். அதற்கு ரேடியோ அயோடின் கொடுத்துப் பயனில்லை, சுரப்பி அதைத் தொடாது. பல இடங்களில் இப்போது அயோடினுக்குப் பதில் டெக்னீசியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருளை ஊசியில் போட்டு இருபது நிமிடத்தில் ஸ்கேன் எடுத்துவிடுகிறார்கள். அதுவும் போதும். அம்மாவுக்கு இரண்டில் ஒன்று எடுத்திருக்கிறார்களா, அல்லது கிரேவ்ஸ் என்று காட்டும் ஆன்டிபாடி சோதனையாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த ஆரம்ப வருடங்கள். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி, யார் பார்த்தாலும் கிரேவ்ஸ் என்று சொல்லக்கூடிய ஓர் அம்மா வெளியூரிலிருந்து வந்தார். கேப்சூல் முன்கூட்டியே வரவழைத்தாகிவிட்டது. அப்டேக் எண்ணினால் 2 சதவீதம். கருவி கோளாறோ என்று மறுபடி எண்ணினேன், அதே 2. பேசிப் பார்த்ததில், பத்து நாள் முன்பு வயிற்று வலிக்கு வேறெங்கோ சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறார், சாய ஊசி போட்டு. ஒரு சாய ஊசியில் 30 கிராம் அளவுக்கு அயோடின் இருக்கும். அதில் சிறு பங்கு தனியே பிரிந்தாலும் மில்லிகிராம் கணக்கு. மனிதருக்கு ஒரு நாள் தேவையோ 150 மைக்ரோகிராம்தான். சுரப்பி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தது. போனில் தேதி கொடுத்தவன் நான், கேட்க வேண்டிய அந்தக் கேள்வியைக் கேட்காதவனும் நான். கேப்சூல் வீணாயிற்று, அவர் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். அன்றிலிருந்து என் முதல் கேள்வி "சமீபத்தில் சி.டி. எடுத்தீங்களா?" என்பதுதான். அம்மாவுக்கும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோய்க்குத் தரும் அமியோடரோன் மாத்திரையும் அயோடின் நிறைந்தது, அதன் பாதிப்பு பல மாதம் நிற்கும். சத்து மாத்திரை, இருமல் மருந்து, எதுவானாலும் பட்டியலைக் காட்டிவிடுங்கள். கார்பிமசோல் மறுபடி ஆரம்பித்திருந்தால் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். படபடப்புக்குத் தரும் ப்ரோப்ரனலாலை நிறுத்த வேண்டியதில்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஒன்றிரண்டு வாரம் கடுமையான அயோடின் பத்தியம் என்பது முக்கியமாகப் புற்றுநோய் சிகிச்சைக்கு. அதிசுரப்புக்கு ஒரு வாரம் அயோடின் கலந்த உப்பு, கடல் மீன், கருவாடு தவிர்த்தால் போதும் என்று சில இடங்களில் சொல்வார்கள், சில இடங்களில் அதுவும் கேட்க மாட்டார்கள். ஒன்று மட்டும்: கல்லுப்பு என்றாலே அயோடின் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாக்கெட்டில் வரும் கல்லுப்பிலும் இப்போது கலக்கிறார்கள். அட்டையைப் படித்துப் பாருங்கள். உப்பைச் சரியாக மாற்றிவிட்டுப் பழைய ஊறுகாயை மறந்துவிடுகிறவர்கள் அதிகம்.

"மீன் சாப்பிட்டால் அம்மாவுக்கு அரிப்பு வரும், அயோடின் அலர்ஜியோ?" என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். 10 மில்லிகியூரி என்பது எடையில் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நேற்றைய சாம்பாரில் அம்மா சாப்பிட்ட அயோடின் அதைவிடப் பல நூறு மடங்கு.

அன்றைய தினம் எப்படி இருக்கும்? பெரிதாக ஒன்றுமில்லை, அதுவே பலருக்கு ஏமாற்றம். கனமான ஈயக் குடுவைக்குள் ஒரு பிளாஸ்டிக் குழல், அதற்குள் ஆன்டிபயாடிக் கேப்சூல் போல ஒன்று. கையால் தொடாமல், குழலை வாயில் வைத்துச் சாய்த்து, ஒரு மடக்கு தண்ணீரோடு விழுங்க வேண்டும். மாத்திரையைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் முன்பே சொல்லிவிடச் சொல்லுங்கள். ருசி இல்லை, வலி இல்லை, முடி கொட்டாது. ஒரு மீட்டர் தள்ளி நின்று, அம்மாவிடமிருந்து வரும் கதிரை ஒரு கருவியில் அளந்து குறித்துக்கொள்வோம். நம் நாட்டில் 30 மில்லிகியூரிக்கு மேல் கொடுத்தால்தான் தனி அறையில் தங்கவைப்பது. 10க்கு அன்றே வீட்டுக்கு வரலாம். ஆனால் குறித்த தேதியில் போய்விடுங்கள். இந்த மருந்து தினமும் 8 சதவீதம் கரைகிறது. வெள்ளிக்கிழமை விழுங்க வேண்டியதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளினால் கால்வாசி இல்லை.

இனி, ஆஸ்பத்திரியில் பலரும் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம். பலன் உடனே தெரியாது. முதல் சில வாரங்களில் சேமித்த ஹார்மோன் கசிந்து படபடப்பு கொஞ்சம் அதிகமாகவும் செய்யலாம். இரண்டு மூன்று மாதத்தில் அடங்கத் தொடங்கும், ஆறு மாதத்தில் அடங்காவிட்டால் இரண்டாவது தடவை தேவைப்படலாம். அடங்கிய பிறகு பெரும்பாலானவர்களுக்குத் தைராய்டு குறைந்துபோகும். அந்தக் குறையை ஈடுகட்டக் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் என்ற ஹார்மோன் மாத்திரை, ஆயுள் முழுக்க. இதைப் பக்கவிளைவு என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதிசுரப்பை நிறுத்த வேண்டுமென்றால் சுரப்பியையே ஓய்த்தாக வேண்டும். தெரிந்தேதான் அதைச் செய்கிறோம். இதை முன்கூட்டியே சொல்லாமல், ஆறு மாதம் கழித்து "இப்ப தைராய்டு கம்மியாயிடுச்சு" என்று சொன்னால் எந்த அம்மாவுக்கும் ஏமாற்றப்பட்ட உணர்வுதான் வரும். எத்தனையோ பேர் அந்தக் கோபத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவை என்று இரண்டைச் சொல்வேன். எவ்வளவு கொடுப்பது என்பதில் கணக்குப் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு, எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பவர்களும் உண்டு. கணக்குப் போட்டதால் பலன் தெளிவாகக் கூடியது என்று இதுவரை யாரும் ஐயமறக் காட்டவில்லை. இன்னொன்று, நீங்கள் பயப்படுவது: இதனாலேயே பின்னால் புற்றுநோய் வருமா? அமெரிக்காவில் அதிசுரப்புக்குச் சிகிச்சை பெற்ற 35,000க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 1998ல் வெளியிட்டார்கள். மொத்தப் புற்றுநோய் மரணம் கூடவில்லை என்றது. அதே கூட்டத்தில் ஒரு பகுதியினரின் கதிர் அளவை உறுப்பு உறுப்பாகக் கணக்கிட்டு 2019ல் மறுபடி ஆராய்ந்தபோது, அளவு கூடக்கூட ஆபத்து சிறிதளவு கூடுவதாகத் தெரிந்தது. சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடாமல் இப்படிச் சொல்லலாமா என்று துறைக்குள்ளேயே சண்டை. என் கணிப்பு, ஆபத்து பூஜ்யம் என்று சத்தியம் செய்ய முடியாது. இருந்தால் மிகச் சிறியது. 54 வயதில் அடங்காத தைராய்டு இதயத்துக்கும் எலும்புக்கும் செய்யும் கேடு அதைவிடக் கண்முன்னால் இருப்பது. இருபது வயதுப் பெண் கேட்டிருந்தால் கார்பிமசோல் மாத்திரையையே இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றிருப்பேன்.

கண் விஷயத்தில் சந்தேகம் இல்லை. கிரேவ்ஸால் கண் பிதுங்கியோ சிவந்தோ இருந்தால் ரேடியோ அயோடின் அதை மோசமாக்கலாம். 1998ல் இத்தாலியில் செய்த ஆய்வில் 100க்கு 15 பேருக்கு அப்படி ஆயிற்று, கூடவே ஸ்டீராய்டு கொடுத்தவர்களுக்கு ஆகவில்லை. அம்மாவின் கண்ணில் உறுத்தல், இரட்டைப் பார்வை இருந்தால் கேப்சூலுக்கு முன்பு கண் டாக்டர். அப்பா வீட்டுக்குள் புகை பிடிப்பவர் என்றால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகை இந்தக் கண்நோய்க்கு எண்ணெய் வார்ப்பது.

கடைசியாகப் பேத்தி. அம்மாவின் கழுத்திலிருந்து வரும் காமா கதிர் தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒரு பங்காகும். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கதை சொன்னால் ஒன்றுமில்லை. மடியில், கழுத்தோடு தலை சாய்த்து மணிக்கணக்கில் தூங்குவதுதான் சிக்கல். குழந்தையின் தைராய்டு கதிருக்கு மிகவும் நொய்ந்தது. அணு உலை வெடித்த செர்னோபிலில் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் அதைப் பார்த்துவிட்டோம். அங்கே உள்ளே போன அயோடின்தான் கெடுத்தது, ஆகவே எச்சில்தான் நீங்கள் கவனிக்க வேண்டியது: முதல் சில நாள் ஒரே தட்டு, ஒரே டம்ளர், ஊட்டிவிடுவது, முத்தம் எதுவும் வேண்டாம். கழிவறையில் உட்கார்ந்து போய் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். துணியைத் தனியாகத் துவைத்தால் போதும், எரிக்க வேண்டாம் (எரித்தவர்கள் இருக்கிறார்கள்). பெரியவர்கள் மூன்று நான்கு நாள் தனிப்படுக்கை. மூன்று வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் பக்கத்தில் படுக்கவைப்பதும் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் வேண்டாம், மூன்று வாரம் என்றால் இன்னும் நல்லது. கதிரை அளந்து ஆஸ்பத்திரி எழுதித் தரும் நாள் கணக்கு இதைவிட வித்தியாசமாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வீட்டுக்குள் பாட்டியைப் பார்த்துக்கொண்டு, மடிக்குப் போகாமல் இருக்க மூன்று வயதுக் குழந்தையால் முடியாது. கதவைத் தட்டி அழும், அம்மாவும் மனசு கேட்காமல் திறந்துவிடுவார். இப்படித்தான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதனால் அம்மாவை உங்கள் சித்தி வீட்டுக்கு அனுப்ப முடியுமா பாருங்கள், அங்கே சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இல்லையென்றால். போகும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் யாரோ ஒரு கர்ப்பிணி வந்து உட்காரக்கூடும், ஆட்டோ நல்லது. பின்சீட்டில், டிரைவரிடமிருந்து தள்ளி.